முதல் சட்டத்திருத்தத்தை மனப்பாடம் செய்தும் விடை தவறியது ஏன்? அரசியலமைப்பைப் படிக்கும் முறை பற்றி

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன். தமிழில் 100 வினாக்களுக்கு 90க்குக் குறையாமல் சரியாக வருகிறது. கணக்கும் கைவிடுவதில்லை. பொது அறிவு 75 வினாக்களில்தான் சறுக்குகிறேன், அதிலும் அரசியலமைப்பில்.

படிக்காமல் சறுக்கவில்லை. 200 பக்க நோட்டு ஒன்று முழுக்க எழுதி வைத்திருக்கிறேன். இடப்பக்கம் சட்டப்பிரிவு எண், வலப்பக்கம் ஒரு வரி. "முதல் திருத்தம் – 1951 – ஒன்பதாவது அட்டவணை" என்ற வரிக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு மாதிரித் தேர்வு எழுதினோம். வினா இது.

கூற்று: 1951இல் முதல் திருத்தத்தின் மூலம் சட்டப்பிரிவு 15(4) சேர்க்கப்பட்டது.
காரணம்: மூல அரசியலமைப்பில் பிற்படுத்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு அளிக்க வழிசெய்யும் பிரிவு எதுவும் இல்லை.

இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது என்று குறித்தேன். விடைக்குறிப்பில் "கூற்று சரி, காரணம் தவறு" என்று இருக்கிறது. ஆறு பேரில் ஐந்து பேர் என்னைப் போலவேதான் குறித்திருந்தார்கள். ஏன் தவறு என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. யாராவது விளக்குங்கள். அதோடு, இந்த நோட்டை வைத்துக்கொண்டு மூன்றாவது முறையும் உட்காரலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஒருவரி எழுதியது:

சகோதரி, மனம் தளர வேண்டாம். நோட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். 200 வினாக்களுக்கு மூன்று மணி நேரம்தான், அதாவது ஒரு வினாவுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்த நேரத்தில் வரலாற்றை அசைபோட முடியாது. எண்ணும் ஆண்டும் நாக்கு நுனியில் நிற்க வேண்டும். நான் ஒருவரி வினா விடைகளைப் படித்தே முதல்நிலைத் தேர்வில் தேறியவன். கூற்று–காரணம் வகை வினாக்களில் சில போகத்தான் செய்யும். மற்றவற்றில் ஈடுகட்டுங்கள்.

கூடலூர்ச்சாலை எழுதியது:

ஒருவரி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். சில வினாக்கள் போகத்தான் செய்யும் என்பதை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. நான் ஏழு ஆண்டுகளுக்கு முன்பு பணியில் சேர்ந்தவன், வருவாய்த் துறையில் இருக்கிறேன். எனக்கும் இரண்டு முறை இதே இடத்தில்தான் கால் இடறியது. தங்கை கேட்ட அந்த ஒரு வினாவையே எடுத்துக்கொள்வோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் தவறு. ஏனென்றால் 16(4) அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26 முதலே இருக்கிறது. அது அரசு வேலைக்கான இட ஒதுக்கீடு. கல்விக்குத்தான் அப்படி ஒரு பிரிவு இல்லாமல் இருந்தது. ஆகவே "எந்தப் பிரிவும் இல்லை" என்பது பிழை. "கல்வி நிலையச் சேர்க்கைக்குப் பிரிவு இல்லை" என்று இருந்திருந்தால் சரி. வினா எடுப்பவர் உங்களைச் சோதித்த இடம் இந்தச் சிறு இடைவெளிதான்.

அந்த இடைவெளி வெளிச்சத்துக்கு வந்தது நம் சென்னை மாகாணத்தில். நீதிக் கட்சி ஆட்சியில் 1921இல் பிறந்த வகுப்புவாரி அரசாணை பின்னர் கல்லூரிச் சேர்க்கைக்கும் வந்தது. 1950இல் இருந்த கணக்கு இது: ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. புதிய அரசியலமைப்பு வந்ததும் செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி இந்த அரசாணையை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். உயர் நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. உச்ச நீதிமன்றமும் 1951 ஏப்ரல் 9 அன்று அதையே உறுதி செய்தது. தீர்ப்பு நின்றது 29(2)இன் மேல். அரசின் கல்வி நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி ஒருவருக்கு இடம் மறுக்கக் கூடாது என்று சொல்லும் பிரிவு அது. வேலைக்கு 16(4) இருப்பதைப் போலக் கல்விக்கு விலக்கு எதுவும் இல்லை என்பதை நீதிமன்றமே சுட்டிக்காட்டியது.

தமிழகம் கொந்தளித்தது. பெரியார் வகுப்புரிமைப் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். கல்விக்கும் வழிசெய்யும் 15(4)ஐச் சேர்த்து, ஜூன் 18 அன்று முதல் திருத்தம் சட்டமாகிவிட்டது. தீர்ப்புக்கும் திருத்தத்துக்கும் இடையில் சரியாக 70 நாள். முதல் பொதுத்தேர்தல்கூட முடியாத காலம். தற்காலிக நாடாளுமன்றம்தான் இதை நிறைவேற்றியது.

இனி உங்கள் சிவப்புக் கோட்டுக்கு வருவோம். ஒன்பதாவது அட்டவணை அதே திருத்தத்தில் ஏன் வந்தது? அது வேறு வழக்கு, வேறு மாநிலம். பீகாரின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை தர்பங்கா மகாராஜா எதிர்த்தார். 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. நிலச் சீர்திருத்தமே நின்றுவிடும் நிலை. எனவே 31ஏ, 31பி பிரிவுகளும், நீதிமன்றத் தலையீட்டிலிருந்து சட்டங்களைக் காக்க ஒன்பதாவது அட்டவணையும் வந்தன. தொடக்கத்தில் அதில் 13 சட்டங்கள். பட்டியலின் முதல் வரியே அந்தப் பீகார் சட்டம்தான்.

அதே திருத்தத்தில் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. பம்பாயில் அச்சான 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இதழுக்குச் சென்னை மாகாண அரசு தடை விதித்தது. ரொமேஷ் தாப்பர் வழக்குத் தொடர்ந்து 1950 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த 19(2)இல் "பொது ஒழுங்கு" என்ற காரணமே அப்போது இல்லை. முதல் திருத்தம் அதைச் சேர்த்தது, கட்டுப்பாடுகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தது.

ஆக, மூன்று வழக்குகள், ஒரு திருத்தம். மூன்றில் இரண்டு சென்னை மாகாண அரசுக்கு எதிரானவை. நம் ஊரில் படிப்பவர்கள் இதை ஒற்றை வரியாக எழுதிவைத்துக்கொண்டு கடப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பழையதாள் எழுதியது:

அருமையான விளக்கம் ஐயா. ஒரு சிறு சேர்க்கை. மருத்துவக் கல்லூரியில் விண்ணப்பித்து இடம் மறுக்கப்பட்டதால் செண்பகம் வழக்குத் தொடர்ந்தார் என்று பல கையேடுகளில் பார்க்கிறேன். அவர் விண்ணப்பிக்கவே இல்லை. விசாரித்தபோது இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் நீதிமன்றத்தை அணுகினார். அவர் விண்ணப்பித்ததாகத் தெரியவில்லை என்பதைத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. உண்மையில் விண்ணப்பித்தவர் உடன் வழக்குத் தொடர்ந்த சீனிவாசன். அவர் கேட்டது கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம். வினாவாக வரும் என்று இதைச் சொல்லவில்லை. ஒரு பிழையை நாமே கை மாற்றி விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கூடலூர்ச்சாலை எழுதியது:

நன்றி நண்பரே. என் குறிப்பிலும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

அண்ணா, இதை இரண்டு முறை படித்தேன். 15(4)ஐயும் 16(4)ஐயும் இனி என்னால் மாற்றிக் குறிக்க முடியாது. ஒன்று முதலிலிருந்தே இருந்த வேலை, மற்றது வழக்குக்குப் பின் வந்த கல்வி. ஆனால் ஒரு சந்தேகம். ஒன்பதாவது அட்டவணை நிலச் சட்டங்களுக்காக வந்தது என்றால், தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீடு அதில் எப்படி இடம்பெற்றது? என் நோட்டில் "76வது திருத்தம் – 1994" என்று மட்டும் இருக்கிறது.

கூடலூர்ச்சாலை எழுதியது:

நீங்களே அடுத்த கண்ணியைப் பிடித்துவிட்டீர்கள்.

மத்திய அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கான இட ஒதுக்கீடு பற்றிய மண்டல் வழக்கில் 1992 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இட ஒதுக்கீட்டுக்கு 50 சதவீத வரம்பு வைத்தது. தமிழ்நாட்டில் அப்போதே 69 நடைமுறையில் இருந்தது: பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. அதைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றி, 76வது திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள். நிலத்துக்காகக் கட்டிய மதில் இட ஒதுக்கீட்டுக்கும் அரணானது.

அந்த மதிலுக்கும் எல்லை உண்டு. கேரளத்தின் எடநீர் மடாதிபதி கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கும் நிலச் சீர்திருத்தத்தை ஒட்டியதுதான். கேரள நிலச் சட்டங்களை 29வது திருத்தம் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. 13 நீதிபதிகள் அமர்ந்த அந்த வழக்கில் 1973 ஏப்ரல் 24 அன்று ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது. அந்தத் தேதியை மறக்காதீர்கள். 2007 ஜனவரியில் வந்த ஐ.ஆர். கோயல்ஹோ வழக்கின் தீர்ப்பு, 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களை நீதிமன்றம் ஆராயலாம் என்றது. அந்த வழக்கின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? நீலகிரி மாவட்டம் கூடலூரில், ஜென்மம் என்ற பரம்பரை நில உடைமையை ஒழித்த சட்டத்தில். இங்கே நான் வைத்திருக்கும் பெயர் அந்த ஊரின் நினைவாகத்தான். என் முதல் பணியிடம் அங்கே.

சொத்துரிமை என்னவாயிற்று என்று அடுத்துக் கேட்பீர்கள். 1978இன் 44வது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்து 300ஏ என்ற சாதாரணச் சட்ட உரிமையாக்கியது. அடிப்படை உரிமைகள் ஏழிலிருந்து ஆறானது அப்போதுதான். 1951, 1973, 1978, 1994, 2007 என்று ஐந்து ஆண்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். ஒரே நூலில் கோத்தவை அவை.

ஒருவரி எழுதியது:

ஐயா, உங்கள் விளக்கத்தைக் குறை சொல்லவில்லை; நானும் ஆழ்ந்து படித்தேன். ஆனால் அரசியலமைப்பு உங்களுக்குப் பிடித்த பாடம், அதனால் கதையாக விரிகிறது. 12 அட்டவணைகளில் எதில் என்ன என்று கேட்டால்? எட்டாவது அட்டவணையில் எத்தனை மொழி என்று கேட்டால்? அங்கே மனப்பாடத்தைத் தவிர வழியில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. நான் ஒரு ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே படித்தவன். பில் போடும் மேசைக்கு அடியில் சீட்டுகளை வைத்திருப்பேன். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஒரு சீட்டு, ஒரு வரி. என்னைக் கரையேற்றியது அதுதான்.

கூடலூர்ச்சாலை எழுதியது:

நீங்கள் பட்ட பாட்டைப் படித்துவிட்டு வாதம் செய்யக் கை வரவில்லை தம்பி. அட்டவணைகளை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். நானும் அப்படித்தான் செய்தேன். சீட்டு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். சீட்டின் பின்பக்கம் வெறுமையாக இருக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. எட்டாவது அட்டவணையையே பாருங்கள். முன்பக்கம் 22. பின்பக்கம்: தொடக்கத்தில் 14, 1967இல் சிந்தி, 1992இல் கொங்கணி, மணிப்புரி, நேபாளி, 2003இன் 92வது திருத்தத்தில் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி. நான்கு வரிதான். 22 மறந்துபோனாலும் 14, 1, 3, 4 என்று கூட்டி எடுத்துவிடலாம்.

மழைநாள் எழுதியது:

புவியியலுக்கும் இது பொருந்தும். "தமிழ்நாட்டுக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று" என்ற வரியை எல்லோரும் எழுதிவிடுகிறோம். தென்மேற்குப் பருவக்காற்றில் ஏன் நமக்கு அவ்வளவு மழை இல்லை என்று கேட்டால் தயங்குகிறோம். மேற்குத் தொடர்ச்சி மலை அரபிக்கடல் காற்றின் ஈரத்தைக் கேரளத்துப் பக்கமே இறக்கிவிடுகிறது. நாம் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம். வங்கக்கடல் கிளையோ நம் கரைக்கு இணையாக ஓடிவிடுகிறது. அக்டோபரிலிருந்து திரும்பி வீசும் காற்று வங்கக்கடலில் ஈரத்தை அள்ளிவந்து நம் கரையில் கொட்டுகிறது. இதைப் புரிந்துகொண்டவருக்குக் கன்னியாகுமரிக்கும் நீலகிரிக்கும் இரண்டு பருவத்திலும் மழை ஏன் என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நூலகமேசை எழுதியது:

இவ்வளவு நல்ல விவாதத்தில் ஒன்றை யாரும் தொடவில்லை. நீங்கள் மனப்பாடம் செய்யும் வரி இன்றைக்கும் உண்மைதானா?

சொல்லவே வேதனையாக இருக்கிறது. ஒரு பயிற்சி மையத்தில் கட்டணம் கட்டிச் சேர்ந்தேன். அவர்கள் கொடுத்த நகல் கட்டில் 29 மாநிலங்கள், 7 யூனியன் பிரதேசங்கள் என்று இருந்தது. மக்களவையின் உச்ச எண்ணிக்கை 552 என்று இருந்தது. அப்படியே படித்தேன், அப்படியே தேர்வில் குறித்தேன். வீட்டுக்கு வந்து விடைக்குறிப்பைப் பார்த்தபோது அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்கள்; எழுந்து போகவே முடியவில்லை. கம்மலை அடகு வைத்துக் கட்டிய கட்டணம் அது.

ஜம்மு காஷ்மீர் 2019 அக்டோபர் 31 அன்று இரண்டு யூனியன் பிரதேசங்களானதும் மாநிலங்கள் 28, யூனியன் பிரதேசங்கள் 9 ஆயின. 2020 ஜனவரி 26 அன்று தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றானதும் 8. ஆங்கிலோ இந்திய நியமன இடங்கள் 104வது திருத்தத்தோடு முடிந்துவிட்டதால் மக்களவை உச்சம் 550. தமிழ்நாட்டு மாவட்டங்கள் 32 அல்ல, 38. கடைசியாகப் பிரிந்தது மயிலாடுதுறை. செம்மொழிகள் ஆறு என்று இன்னும் எழுதுகிறார்கள். 2024 அக்டோபரில் மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமி, வங்காளம் சேர்ந்து 11. அதே 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. திட்டக்குழு போய் 2015இலேயே நிதி ஆயோக் வந்துவிட்டது. அதையும் திருத்தாத புத்தகங்கள் பழைய புத்தகக் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

தயவுசெய்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்த ஆண்டின் நிலவரம் என்று பென்சிலால் எழுதிவையுங்கள். பழைய புத்தகம் வாங்குவதில் தவறில்லை, எல்லோருக்கும் வசதி ஒன்றுபோல் இல்லை. அச்சான ஆண்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழையதாள் எழுதியது:

சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் குறிப்புகளைத் திறந்தேன். செம்மொழி ஆறு என்றுதான் இருக்கிறது. இப்போதே திருத்திவிட்டேன்.

தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உரிமைகளைக் காக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் நீதிப்பேராணைகளின் ஆங்கிலப் பெயர்களை உருப்போட்டுத் திணறுகிறார்கள். நம் பள்ளிப் பாடநூலில் உள்ள பெயர்களை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆட்கொணர்வு: ஆளைக் கொண்டுவந்து நிறுத்து. கட்டளையுறுத்தும் பேராணை: உன் கடமையைச் செய். தடையுறுத்தும் பேராணை: கீழ் நீதிமன்றமே, உன் எல்லையைத் தாண்டாதே. ஆவணக் கேட்பு: ஆவணங்களை மேலே அனுப்பு. தகுதி முறை வினவும் பேராணை: இந்தப் பதவியில் அமர உனக்கு என்ன தகுதி? பெயரே பொருளைச் சொல்லிவிடுகிறது. இவற்றைப் பிறப்பிக்கும் அதிகாரம் சட்டப்பிரிவு 32இல் உச்ச நீதிமன்றத்துக்கு, 226இல் உயர் நீதிமன்றத்துக்கு. அடிப்படை உரிமைகளுக்கு மட்டுமல்லாமல் மற்றச் சட்ட உரிமைகளுக்கும் பேராணை பிறப்பிக்கலாம் என்பதால் 226இன் பரப்பு பெரிது. இதில் ஆண்டுதோறும் யாராவது தவறுகிறார்கள்.

ஒருவரி எழுதியது:

சீட்டின் பின்பக்கம் என்று ஐயா சொன்னது மனதில் நின்றுவிட்டது. என் தங்கை இந்த ஆண்டு எழுதுகிறாள். என் பழைய சீட்டுக்கட்டை அப்படியே அவளுக்குக் கொடுப்பதாக இருந்தேன். நேற்று இரவு எடுத்துப் பார்த்தால் யூனியன் பிரதேசங்கள் 7 என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. கொடுக்கும் முன் எல்லாச் சீட்டையும் திருத்திவிட்டு, பின்பக்கங்களை அவளையே எழுதச் சொல்லப் போகிறேன்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நோட்டைத் தூக்கிப் போடவில்லை. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவே ஒரு பத்தி ஒதுக்கி, மேலே "ஏன்" என்று எழுதியிருக்கிறேன். நேற்று நூலகத்தில் அந்த ஐந்து பேருக்கும் செண்பகம் வழக்கை நான்தான் சொன்னேன். 14 இடங்களின் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். வகுப்புவாரி அரசாணைக்காகத் தன் தந்தை ஊர்வலம் போனதைச் சொன்னார். நூலகம் மூடும் நேரம் ஆகிவிட்டது, மீதியை வரும் ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்து 42வது திருத்தத்தை எடுத்திருக்கிறேன். முகவுரையில் சமதர்மம், மதச்சார்பின்மை, ஒருமைப்பாடு ஆகிய சொற்கள் 1976இல் சேர்ந்தன என்பது தெரியும். அடிப்படைக் கடமைகளும் அதே திருத்தத்தில்தான் வந்தன. "ஏன்" பத்தியில் "நெருக்கடி நிலை" என்று மட்டும் எழுதி நிறுத்தியிருக்கிறேன். கூடலூர்ச்சாலை அண்ணா, நேரம் கிடைக்கும்போது அங்கிருந்து தொடங்குவீர்களா?